இரண்டு டிகிரி குளிரும் மலாக்கா மரங்களும்

2021 ஜூன் 22. அசாம் மாநிலம் குவாஹாத்திக்கு அருகே சருத்தாரி என்ற இடத்தில், இந்திய ரப்பர் வாரியத்தின் பண்ணையில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். கேரளத்தின் கோட்டயத்தில் உள்ள ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கன்றுகள் அவை. மரபணு மாற்றப்பட்ட ரப்பரை வயலில் நடுவது உலகிலேயே இதுதான் முதல்முறை என்று வாரியம் அறிவித்தது. கன்றுக்குள் சேர்த்த மரபணு வேறு உயிரிடமிருந்து வாங்கியதல்ல. ரப்பர் மரத்திலேயே இருப்பதுதான்; அதைக் கூடுதலாகப் புகுத்தி, அதிகம் வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். அசாமின் பனிக்காலத்தில் இளங்கன்றுகள் வளராமல் மாதக்கணக்கில் அப்படியே நின்றுவிடுகின்றன. அந்தக் குளிரைத் தாங்க வைப்பதுதான் நோக்கம்.

மலேசியாவின் மலாக்காவில், ஜாசின் பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றில் இதைச் சொன்னால், ரப்பர் மரத்துக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். மலாக்காவில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 டிகிரி வாக்கில்தான் நிற்கும். மார்கழி பஜனைக்குப் போகிறவர்கள்கூடச் சால்வை தேடுவதில்லை. இந்த வெக்கை மண்ணில்தான் மலாயாவின் ரப்பர் வணிகம் பிறந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி வற்புறுத்தியதால், மரவள்ளி பயிரிட்டுவந்த டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் சொச்சத்தில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். பின்னால் மாநிலம் முழுக்கப் பரவிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுவந்தார்கள். லயமும் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அந்த மரங்களின் நிழலில் எழுந்தன.

குளிரின் பலனைப் பால்மரம் வெட்டியவர்கள் அறியாதவர்கள் அல்லர். பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் நிரைக்குள் நுழைந்தது எதற்காக? துரைமார் கெடுபிடி ஒரு காரணம். மரத்தின் உடற்கூறு இன்னொரு காரணம். இரவுக் குளுமையில் இலைகள் அதிகம் நீரை இழப்பதில்லை. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களின் அழுத்தம் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். அப்போது உளி பட்டால் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் தளர்ந்து, மங்கில் விழும் சொட்டு மெலியும். மேகமில்லாத ஜனவரி, பிப்ரவரி விடியல்களில் தோட்டத்துக்குள் ஒரு சிலிர்ப்பு இருக்கும். அன்றைக்குப் பால் நெடுநேரம் சொட்டும்.

ஆக, கொஞ்சம் குளிர் இந்த மரத்துக்கு நல்லதே. கொஞ்சத்தைத் தாண்டினால்தான் வினை.

இலைக்குள் நடப்பது

வாழைப்பழத்திலிருந்து தொடங்கலாம். பாசாரில் வாங்கிய பிசாங் மாஸ் சீப்பை யாராவது தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் தோல் கன்றிக் கறுத்துவிடும். பழம் அழுகவில்லை, குளிரில் அடிபட்டிருக்கிறது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைப்பழத் தோலின் உயிரணுச் சவ்வுகள் பழுதாகி, தனித்தனி அறைகளில் இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து பழுப்பு நிறமாகின்றன. உறைபனி தேவையில்லை. நீர் உறையும் நிலைக்கு வெகு மேலேயே வெப்பமண்டலத் தாவரம் சேதமாகிவிடுகிறது.

காரணம் சவ்வின் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் மலாக்கா வீட்டில் தண்ணீராக ஓடும். அதே போத்தலைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் வெள்ளையாகக் கட்டிவிடும். நல்லெண்ணெய் அங்கேயும் ஓடும். தாவரச் சவ்வுகளிலும் இந்த இரண்டு வகைக் கொழுப்பும் உண்டு. எது எவ்வளவு என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஜப்பானின் நொரியோ முராத்தா குழு 1992இல் இதை அழகாக நிரூபித்தது. சவ்வுக் கொழுப்பை உருவாக்கும் ஒரு நொதியின் மரபணுவை, குளிர் தாங்காத பூசணி வகை ஒன்றிலிருந்து எடுத்துப் புகையிலைக்குள் செலுத்தினார்கள். புகையிலை முன்னைவிடக் குளிருக்கு அஞ்சியது. குளிர் தாங்கும் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியிலிருந்து அதே நொதியின் மரபணுவைச் செலுத்தியபோது, புகையிலை குளிரை முன்னைவிட நன்றாகத் தாங்கியது. ஒரே ஒரு மரபணு போதும், சுபாவம் மாற.

இது பிறவியிலேயே அமைந்த குணம். இதற்கு மேல், குளிர் வந்த பிறகு செடி எடுக்கும் நடவடிக்கை என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

குளிர் பட்ட சில நொடிகளில் உயிரணுவுக்குள் கால்சியம் பாய்கிறது. கால் மணி நேரத்துக்குள் சிபிஎஃப் என்ற மரபணுக் குடும்பம் விழித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தோமாஷோவின் குழு 1990களில் கண்டறிந்த குடும்பம் இது. சிபிஎஃப் தானாக எதையும் செய்வதில்லை. மற்ற மரபணுக்களுக்கு உத்தரவிடுவதே அதன் வேலை. உத்தரவு கிடைத்ததும் நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இயங்கி, சர்க்கரைகளைச் சேர்க்கின்றன, சவ்வைக் காக்கும் புரதங்களைச் செய்கின்றன, வளர்ச்சியை மட்டுப்படுத்துகின்றன. இரண்டொரு நாளில் செடி குளிருக்குத் தயார்.

சிபிஎஃப்பை எழுப்புவது யார்? 2003இல் விடை வந்தது. ஐசிஇ1 என்ற புரதத்தை அடையாளம் காட்டிய அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் விசுவநாதன் சின்னுசாமி. ஜியான் காங் ஜுவின் ஆய்வுக்குழுவோடு அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்தவர், பின்னர் புதுடெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிர்களின் தாங்குதிறன் ஆய்வை முன்னின்று நடத்தினார். ஐசிஇ1 உயிரணுவில் எப்போதும் இருக்கிறது. குளிர் வரும்வரை அது சும்மா இருக்கிறது. வந்ததும் சிபிஎஃப்பின் வாசலில் போய் உட்கார்ந்து அதை இயக்குகிறது.

அப்படியானால் வெப்பமண்டலப் பயிர்களுக்கு இந்த மரபணுக்கள் கிடையாதா? அதுதான் வேடிக்கை. உண்டு. மலாக்கா கடைத்தெருவுக்கு மலையிலிருந்து வந்திறங்கும் தக்காளியிலும் சிபிஎஃப் இருக்கிறது, குளிரில் விழிக்கவும் செய்கிறது. ஆனால் 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தக்காளியில் அதன் சொல் கேட்கும் மரபணுக்கள் மிகச் சிலவே என்று காட்டியது. ரப்பர் மரத்திலும் இதே குடும்பத்து மரபணுக்களைச் சீன ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆணை பிறக்கிறது, அதை நிறைவேற்றும் சேனைதான் போதவில்லை.

அரிசியிலும் ஒரு பாடம் உண்டு. வடக்கே ஜப்பானிலும் கொரியாவிலும் விளையும் ஜப்போனிகா நெல் குளிர் தாங்கும். தமிழர் தட்டில் விழும் இண்டிகா நெல் நாற்றுப் பருவத்துக் குளிரில் மஞ்சளித்துப் போகும். 2015இல் சீன விஞ்ஞானிகள் கோல்டு1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை இந்த வேறுபாட்டின் காரணங்களில் ஒன்றாகக் காட்டினார்கள்.

வடக்கே போன பால்மரம்

ரப்பரின் குளிர்ச் சோதனை மலாயாத் தோட்டங்கள் இளமையாக இருந்தபோதே தொடங்கிவிட்டது. 1904இல் சீனாவின் யுன்னான் எல்லைப் பகுதியைச் சேர்ந்த தாவ் ஆன்ரென் என்ற தாய் இனத் தலைவர், ஜப்பானிலிருந்து ஊர் திரும்பும் வழியில் சிங்கப்பூரில் 8,000 ரப்பர் கன்றுகளை வாங்கினார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் முளைத்தவற்றை வடக்கு 24 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் இன்ஜியாங் மலைச்சரிவில் கொண்டுபோய் நட்டார். பெரும்பாலானவை அழிந்தன. சீன ரப்பரின் தாய்மரம் என்று இன்று போற்றிக் காக்கப்படுவது அந்தக் கன்றுகளில் மிஞ்சியது.

1950களில் சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்ற தடை வந்தபோது, அந்த நாடு ஹைனான் தீவிலும் யுன்னானின் சிசுவாங்பன்னாவிலும் தானே பயிரிட இறங்கியது. அங்கே போய்ச் சேர்ந்த ரகங்களைக் கேட்டால் மலேசியத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு முகம் மலரும். சிலாங்கூரின் பிராங் பெசாரில் பிறந்த பிபி 86. ஜாவாவின் ஜிடி 1. எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்ஆர்ஐஎம் 600. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1937இல் செய்த கலப்பில் கிடைத்து, பின்னர் மலாக்கா தோட்டங்களிலும் தாய்லாந்திலும் நிரை நிரையாக நின்ற அதே ரகம். சிசுவாங்பன்னாவில் அதைத் தாழ்வான, வெதுவெதுப்பான இடங்களில் நட்டார்கள்; குளிர் கூடிய சரிவுகளை ஜிடி 1க்கு விட்டார்கள். 1970களின் நடுவில் வந்த கடுங்குளிரில் ஏராளமான மரங்கள் செத்தன. தப்பியவை எந்த ரகம், எந்தச் சரிவு, எந்தத் திசை என்று கணக்கெடுத்தே அடுத்த நடவைத் திட்டமிட்டார்கள்.

குளிரடிபட்ட ரப்பர் மரத்தைப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் பார்த்தால் மனம் பதறும். முதலில் கொழுந்து கருகும். பிறகு கிளை நுனி காயும். 5 டிகிரி அளவுக்கு இறங்கிய இரவுகளுக்குப் பின், அடிமரத்துப் பட்டை தானாக வெடித்து, உளி படாமலேயே பால் வழிந்து கட்டிக் கிடக்கும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சணமும் பூச்சியும் நுழையும். மரம் சாகாவிட்டாலும் வெட்டுப்பட்டை பாழ்.

அசாம் கன்றுகளுக்கு இப்போது திரும்பலாம். விடியற்காலை 8, 9 டிகிரி. ஏழு மணிக்குப் பளிச்சென்று வெயில். இலையின் பச்சையம் ஒளியை வாங்கிக்கொள்கிறது. குளிரில் விறைத்த நொதிகளால் அந்த ஆற்றலைச் செலவழிக்க முடிவதில்லை. மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனில் போய் விழுந்து, சூப்பர் ஆக்சைடு போன்ற நாசகாரப் பொருள்களாக மாறுகிறது. சவ்வு, புரதம், மரபணு என்று கண்டதையும் அவை தாக்கும். மாங்கனீஸ் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி சூப்பர் ஆக்சைடைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. சருத்தாரியில் நட்ட கன்றுகளில் கூட்டி வைத்திருப்பது இந்த நொதியின் மரபணுவைத்தான். வறட்சியிலும் இதே சேதம் நடப்பதால், வெற்றி கண்டால் இரண்டுக்கும் உதவும். ரப்பர் மரம் தன் குணத்தை முழுமையாகக் காட்ட ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் வெற்றி என்று கொட்டு முழக்குவது அவசரம்.

ரப்பரைப் பொறுத்தவரை வேறொரு சங்கடமும் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன 70,000 விதைகளில் முளைத்தவை கொஞ்சம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 கன்றுகள். ஆசியாவின் தோட்டங்கள் ஏறக்குறைய அத்தனையும் விக்காம் கொண்டுபோன விதைகளின் வாரிசுகள். குளிர் தாங்கும் குணம் வேண்டுமென்றால் தேடுவதற்கு இடமே குறைவு. அதனால்தான் 1981இல் பன்னாட்டு ரப்பர் ஆய்வு அமைப்பு பிரேசிலின் ஆக்ரி, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ மாநிலக் காடுகளுக்குப் போய்ப் புதிதாக விதை சேகரித்தது. அந்தச் செல்வத்தின் ஒரு பங்கு மலேசியாவில் வளர்க்கப்பட்டது. 2013இல் ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுப்பை முதன்முதலாக வரைவு வடிவில் வெளியிட்டதும் மலேசியர்களே. பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம் அதற்கு எடுத்துக்கொண்ட ரகம், வேறென்ன, ஆர்ஆர்ஐஎம் 600.

காட்டு உறவினரைத் தேடிப்போய்க் குளிர் தாங்கும் குணத்தைப் பெறுவது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. பொங்கலுக்கு வாசலில் கட்டும் கரும்பைப் பார்க்கும்போது கோயம்புத்தூரை நினைக்கலாம். 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சார்லஸ் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். வெள்ளை என்ற தித்திப்பான தென்னாட்டுக் கரும்பை, ஆற்றங்கரைகளில் தானாக முளைக்கும் பேய்க்கரும்போடு கலந்தார்கள். ஒல்லியாய், சாறற்று, யாரும் சீந்தாத புல் அது. பிறந்த பிள்ளை கோ 205. பஞ்சாபின் குளிரிலும் வறட்சியிலும் தடித்த கரும்பு திணறிய வயல்களில் 1918 முதல் அது ஊன்றி நின்று, உள்ளூர் ரகங்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. மரபணு என்ற பொருள் எதனால் ஆனது என்றே உலகம் அறியாத காலம்! இன்றைய வணிகக் கரும்பு ரகங்கள் ஏறக்குறைய அனைத்திலும் பேய்க்கரும்பின் ரத்தம் ஓடுகிறது.

குளிர் கேட்கும் பழமரங்கள்

தின்ற ஆப்பிளின் விதையை மண்ணில் ஊன்றிப் பார்க்காத பிள்ளை மலாக்காவில் இருக்க முடியாது. சில நேரம் முளைக்கும், முழம் உயரம் வளரும், அத்தோடு சரி. ஆப்பிள், பீச், பேரி போன்ற மரங்கள் குளிரைத் தாங்குவதோடு நிற்பதில்லை, குளிரை எண்ணுகின்றன. 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு நிறைந்தால்தான் மொட்டு அவிழும். பல ஆப்பிள் ரகங்களுக்கு அது 800 மணி, 1,000 மணி. நவம்பரில் நான்கு நாள் வெயில் அடித்ததும் ஏமாந்து பூத்து, டிசம்பர் பனியில் கருகாமலிருக்க மரம் வைத்திருக்கும் காவல் இது.

அந்தக் காவலைச் செய்யும் மரபணுக்களுக்கு டிஏஎம் என்று பெயர். மெக்சிகோவில் கண்டெடுத்த ஒரு பீச் மரம் அவற்றைக் காட்டிக்கொடுத்தது. குளிர்காலத்திலும் தூங்காமல் வளர்ந்துகொண்டே இருந்த மரம் அது. வரிசையாக இருக்க வேண்டிய 6 டிஏஎம் மரபணுக்களில் 4 அதற்குச் சிதைந்துபோயிருந்தன. மற்ற மரங்களில் இலையுதிர்காலத்தில் இவை ஓங்கி மொட்டை உறங்க வைக்கின்றன. நீண்ட குளிர் இவற்றைச் சிறிது சிறிதாக அடக்குகிறது. அடங்கியதும் மொட்டு விழிக்கிறது.

குளிரே இல்லாத ஊரில் ஆப்பிள் விளைவிக்க முடியுமா? இந்தோனேசியாவின் மலாங் அருகே பாத்து மலைப்பகுதிக்குச் சுற்றுலா போய்வந்த மலாக்காக்காரர்கள் விடை அறிவார்கள். அங்கே அறுவடை முடிந்ததும் தொழிலாளர்கள் மரத்தின் இலைகள் முழுவதையும் கையால் உருவிவிடுகிறார்கள். ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகுமுன்பே மொட்டுகள் துளிர்த்துப் பூக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு காய்ப்பு. பல்லாண்டு அனுபவத்தில் விவசாயிகள் கண்ட உபாயம் இது.

இனி மலாக்காவின் சொந்த மரங்களுக்கு வரலாம். இந்தக் கட்டுரையின் மையமும் அதுதான். வெப்பமண்டல மரம் குளிரை அறியாது என்று நினைப்பது தவறு. 20 டிகிரிக்கும் மேலான குளுமையைக்கூட அது படிக்கிறது.

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் மெராந்தி முதலான பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டாண்டு, ஐந்தாண்டு, சில வேளை பத்தாண்டுகூடச் சும்மா நின்றுவிட்டு, திடீரென்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் ஒரே பருவத்தில் பூத்துக் கொட்டும். என்ன சமிக்ஞை இது? பீட்டர் ஆஷ்டன், தோமஸ் கிவ்னிஷ், கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். அப்பண்ணா ஆகியோர் 1988இல் ஒரு விடையை முன்வைத்தார்கள். தொடர்ந்து மூன்று இரவுகளோ அதற்கு மேலோ, இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை வழக்கத்தைவிடச் சுமார் 2 டிகிரி இறங்கினால் போதும். நாம் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறந்துபோகும் அந்த இரண்டு டிகிரி, காடு முழுவதற்கும் செய்தி.

அன்றைக்கு அது ஊகம்தான். மரபணுச் சான்று வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. மலாயாப் பல்கலைக்கழகத்தின் யோ சுவாட் ஹுய், ஜப்பானின் அகிகோ சடாகே முதலியோர் இரண்டு மெராந்தி இனங்களின் உச்சிக் கிளைகளிலிருந்து மாதக்கணக்கில் மாதிரிகள் எடுத்து, எஃப்டி என்ற மரபணுவைக் கவனித்து 2017இல் வெளியிட்டார்கள். எஃப்டி இலையில் உருவாகும் புரதத்துக்கான மரபணு. அந்தப் புரதம் சாறோடு பயணம் செய்து குருத்து நுனிக்குப் போய்ப் பூ விடச் சொல்கிறது. நெல்லிலும் அரபிடாப்சிஸிலும் அதே வேலையைச் செய்யும் மரபணுதான் மெராந்தியிலும். பூ விரிவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது அது உச்சத்துக்குப் போயிருந்தது. அதை எழுப்பியது எது? குளுமை மட்டும் போதவில்லை, வறட்சி மட்டும் போதவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தபோதுதான் கணக்கு ஒத்துப்போனது. மழையில்லாத, மேகமில்லாத வானத்தின் கீழேதான் இரவில் தரையின் வெப்பம் தங்குதடையின்றி மேலே போகும் என்பதால், இங்கே இரண்டும் பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன.

மாமரமும் இதே வகை. குளிர்ந்த இரவுகளில் மா இலையில் எஃப்டி கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வறண்ட பருவம் தெளிவாக வாய்க்கும் பெர்லிஸில் ஹரும் மானிஸ் பேர் வாங்குவதும், மலாக்கா வீட்டு வாசலில் நிற்கும் மாமரம் தோரணத்துக்கு இலையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் பழத்துக்கு ஆண்டுக்கணக்கில் யோசிப்பதும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள். மழை ஓயாத வெக்கையில் மரம் துளிர்த்துக்கொண்டே இருக்கும். நின்று பூக்க அதற்குத் தோன்றாது. பிலிப்பைன்ஸில் ரமோன் பார்பா கண்டுபிடித்த பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பு இதற்கு ஒரு மாற்று. முற்றிய கிளைகள் இருந்தால் அது மரத்தைப் பூக்க வைக்கும்.

டுரியானில் முதல் சொல் வறட்சிக்குத்தான். ஒன்றிரண்டு வாரம் மழை விட்டு மண் காய்ந்தால் கிளைகளில் மொட்டுக் கொத்துகள் புடைக்கும். அந்த நாள்களின் குளிர்ந்த இரவு அதற்குத் துணை. டுரியான் துங்கல் தொடங்கி ஜாசின் வரை, தைப்பூசத்தை ஒட்டிய வறண்ட வாரங்கள் எப்படிப் போகின்றன என்பதைப் பார்த்தே ஆண்டின் நடுவில் பழம் கொட்டுமா என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூர் விஞ்ஞானிகள் 2017இல் மூசாங் கிங் டுரியானின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். அன்று எல்லாரும் அதன் வாசனை மரபணுக்களைப் பற்றியே பேசினார்கள். விவசாயிக்கு வேண்டியது பூக்கும் மரபணுக்களின் கதை.

இந்த இரண்டு டிகிரி இனியும் கிடைக்குமா என்பதே கேள்வி. உலகின் பல பகுதிகளில் பகலைவிட இரவுகள் வேகமாகச் சூடேறியிருக்கின்றன. ஊர்களில் சிமெண்டும் தாரும் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடுகின்றன. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1976 தொடங்கி 35 ஆண்டுகள் பணியாளர்கள் மரம் மரமாகப் பார்த்துக் குறித்துவைத்த பூக்கும் பதிவுகளை எடுத்துக்கொண்டு, 210 இனங்களின் பூக்கும் வழக்கத்தை 2022இல் ஓர் ஆய்வு அலசியது. மெராந்திக் குடும்பத்தில் பாதிக்கும் மேற்பட்ட இனங்கள் பூக்கக் குளுமையையும் வறட்சியையும் சேர்த்தே எதிர்பார்க்கின்றன, அவற்றுக்கு இனிப் பூக்கும் வாய்ப்பு குறையும் என்றது முடிவு. அவை காட்டு மரங்கள். வீட்டுப் பழமரங்களுக்கு இப்படி ஒரு நீண்ட பதிவேடு மலாக்காவில் இருந்தால் எவ்வளவு பயன்படும்!

அசாமிலும் யுன்னானிலும் குளிரைத் தாங்கும் மரத்தைத் தேடுகிறார்கள். மலாக்காவுக்கு வேண்டியது, குறைந்த குளுமையிலும் பூக்கத் தெரிந்த மரம். பக்கத்து வீட்டு மா பூக்காத ஆண்டிலும் எந்தத் தோட்டத்து மரம் பூத்தது என்று தெரிந்தால், தாய்மரத்தைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. ஒட்டுக் கட்டுவதற்கு அதன் கிளை கிடைக்கும். மரபணு ஆய்வாளர்களுக்கு அதன் இலை கிடைக்கும்.

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். மாமரமோ டுரியானோ ரம்புத்தானோ முதல் பூ காட்டிய தேதி, அதற்கு முந்தைய மாதத்தின் விடியற்காலை வெப்பநிலை, கடைசியாக நல்ல மழை பெய்த நாள் ஆகியவற்றைத் தாய்மார்கள் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு அவற்றை ஒரே பதிவேட்டில் திரட்டலாம். ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வரும் ஜனவரியிலேயே தொடங்குங்கள்.